பேர் எழுதாத லாக்கர்

குளிர்பதனக் கிடங்கில் அவனுக்குப் பிளக்கு என்று பேர். அங்கிருந்த இருபத்தாறு கம்ப்யூட்டர்களில் எது மக்கர் பண்ணினாலும், "பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிஷம் கழிச்சு மாட்டுங்க" என்பதுதான் அவன் போனில் சொல்லும் முதல் வார்த்தை. பத்தில் எட்டு முறை அதிலேயே சரியாகிவிடும். மீதி இரண்டு முறைக்குத்தான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பான். வயது நாற்பத்து நான்கு. ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்கு "சிக்னல் கிடைக்கல" என்று ஒரு பதில் வைத்திருந்தான். பதினெட்டு வருஷமாக அதே பதில் என்பதால் கேட்டவர்களே அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவன் பொல்லாதவன். எந்த ஃபைலுக்கும் இன்னொரு காப்பி இருக்க வேண்டும். சரக்குப் பிரிவில் ஒரு அம்மாள் ஒரு மாத வேலையைத் தவறுதலாக அழித்துவிட்டு அழுதபோது, "இப்ப அழுது என்ன பண்றது? ரெண்டு எடத்துல வைங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னான். அந்த அம்மாள் அதன் பிறகு அவனோடு பேசுவதில்லை.

வீடு மூன்றாவது மாடியில், இரண்டே அறை. ஜன்னல் இருந்த முன்னறையை அக்காவுக்குக் கொடுத்துவிட்டு, அவன் பின்னறையில் படுத்துக்கொண்டான்.

அக்கா அவனைவிட ஒன்பது வயது மூத்தவள். பாடப்புத்தகம் அச்சடிக்கும் இடத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தினவள். கடைப் பலகையில், பஸ் டிக்கெட்டில், கல்யாணப் பத்திரிகையில் எங்கே ஒரு எழுத்து தப்பாக இருந்தாலும் அவளுக்குப் பல்லில் நார் சிக்கிக்கொண்ட மாதிரி. இரண்டு வருஷம் முன்பு அவள் தொண்டையில் புற்று வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துவாரம், அதன் மேல் ஒரு சின்னத் துணி. பேச்சு போனது. குழந்தைகள் வைத்து விளையாடும் சிலேட் ஒன்றை அவன் வாங்கிக் கொடுத்தான். எழுதிவிட்டுப் பக்கத்துக் கைப்பிடியை இழுத்தால் எழுதினது அழிந்துவிடும். அதில் அவள் எழுதின முதல் வாக்கியம்: "அட்டையில 'சிலெட்டு'ன்னு போட்டிருக்கான். லேயைக் குறிலாக்கிட்டான்."

அவளுக்கு ஒரே மகள். தூரத்து நகரத்தில் வேலை. ஆறு வருஷமாக அம்மாவோடு பேச்சில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்து செத்தபோது அவள் இறுதிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். அம்மா அவளுக்குச் சொல்லவில்லை. பரீட்சை முடித்து வந்தவள் பார்த்தது மாலை போட்ட படத்தைத்தான். "என்னை முட்டாளாக்கிட்ட" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனவள், அப்புறம் அம்மாவின் போனை எடுக்கவில்லை. அனுப்பின கடிதங்கள் பிரிக்காமல் திரும்பி வந்தன. மாமாவான இவனோடு மட்டும் பிறந்தநாளுக்கு இரண்டு வார்த்தை பேசுவாள்.

குரல் போன மூன்றாம் மாதம் அக்கா சிலேட்டில் எழுதினாள்: "அந்தப் பதினொரு நாள்ல என்ன நடந்துச்சுன்னு அவளுக்குச் சொல்லணும். குரல் இருந்தப்ப சொல்லல. இப்ப எழுதறேன்."

"மறுபடியும் லெட்டராக்கா?"

"லெட்டரைத் திருப்பி அனுப்பிடறா. நெட்டுல போட்டா?"

இலவசமாக வலைப்பதிவு வைத்துக்கொள்ளும் தளம் ஒன்றை முதலில் காட்டினான். அவள் எழுதின முதல் பத்திக்குக் கீழே தளத்துக்காரர்கள் எடை குறைக்கும் மாத்திரை விளம்பரம் ஒன்றைப் போட்டார்கள். அதில் மூன்று எழுத்துப்பிழை. அக்கா சிலேட்டில் எழுதவில்லை, திரையை விரலால் மூன்று இடத்தில் குத்திக் காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சரி, சொந்தமாகவே ஒன்று போட்டுவிடலாம் என்று, கிடங்கில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து கட்டிலுக்குக் கீழே வைத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தான். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எதையும் புரியாமல் விடுகிறவள் இல்லை.

"கன்டெய்னர்னு சொல்லுவோம்க்கா. லாட்ஜ் ரூம் மாதிரி வச்சுக்கோ. ஒரு ரூம்ல உன் பக்கத்தைக் காட்டற ஆளு. இன்னொரு ரூம்ல நீ எழுதினதை எல்லாம் அடுக்கி வைக்கற ஆளு. ஒருத்தனுக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்த ரூமை மட்டும் காலி பண்ணிட்டு, அதே மாதிரி புது ரூம் ஒரு நொடியில போட்டுக்கலாம்."

"காலி பண்ணா உள்ள இருக்கற சாமான்?"

"கேட்டியே, அதான் விஷயம். ரூமைக் கழுவி விட்டுடுவான், ஒண்ணும் மிஞ்சாது. அதனால சாமானை ரூம்ல வைக்காம வெளிய லாக்கர்ல வைக்கணும். லாக்கர் மேல பேர் எழுதி ஒட்டணும்."

"ஒட்டலன்னா?"

"கேட்பாரில்லாததுன்னு நினைச்சு ஒருநாள் கூட்டித் தள்ளிடும்."

அக்கா சிரித்தாள். சத்தம் இல்லாத சிரிப்பு, கழுத்துத் துணி மட்டும் ஆடியது. "உங்க ஆளுங்க எங்க அச்சாபீஸ் முதலாளியை விட மோசம்" என்று எழுதினாள்.

அன்றைக்கு நாலு மணிக்கு அவளை ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. படங்கள் வைக்கும் லாக்கருக்குப் பேர் கொடுத்தான். எழுத்துகள் இருக்கும் லாக்கருக்கு வரும்போது மணி மூன்றரை. ஆட்டோ கீழே வந்து நின்று ஹாரன் அடித்தது. பேர் இல்லாவிட்டாலும் இப்போதைக்கு வேலை செய்யும், வந்து வைத்துக்கொள்ளலாம் என்று எழுந்தான். ஸ்கேனில் நுரையீரலில் புள்ளிகள் தெரிந்தன. வந்து வைத்துக்கொள்வது அடியோடு மறந்துபோனது.

மறுநாள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு குட்டிக் காவல்காரனையும் உட்கார வைத்தான். தினமும் காலை ஆறு மணிக்கு அக்காவின் பக்கத்தைத் தட்டிப் பார்ப்பது ஒன்றுதான் அதன் வேலை. உயிரோடு இருந்தால் வாயைத் திறக்காது. செத்திருந்தால்தான் அவன் போனுக்குச் செய்தி வரும். செய்தி வரவே இல்லை என்பதால் அப்படி ஒன்றை வைத்ததே அவனுக்கு நினைவில்லாமல் போயிற்று.

மருமகளுக்கு அந்த முகவரியை ஒருமுறை அனுப்பினான். அவளிடமிருந்து பதில் இல்லை.

அக்கா எழுத ஆரம்பித்தாள். பல் தேய்த்துவிட்டு உட்கார்ந்தால் மாத்திரை நேரத்துக்குத்தான் எழுவாள். இரண்டு வாரம் கழித்து, "யாராவது படிக்கறாங்களா, பாரு" என்று கேட்டாள். வந்துபோகிறவர்களைக் குறித்து வைக்கும் பதிவேட்டைத் திறந்தான். வீட்டுக்கு வெளியிலிருந்து தினம் ஒரே ஒரு வரி. காலை ஆறு மணி.

"ஒருத்தர் வர்றாங்கக்கா. தினமும். கரெக்டா ஆறு மணி."

அக்கா சிலேட்டை எடுத்து எழுதினாள்: "சின்ன வயசுலயும் அவ ஆறு மணிக்கே எந்திரிச்சிடுவா."

அந்த வரிக்குப் பக்கத்திலேயே எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு எண் இருந்தது. தேடினால் அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஊரில் யாராவது கேட்டிருந்தால் தேடிச் சொல்லியிருப்பான். தனக்காகத் தேடவில்லை. தேடப் பிடிக்கவில்லை என்பதுதான் நிஜம்.

அதன் பிறகு தினமும் காபி டம்ளரை நீட்டும்போது அவள் புருவத்தைத் தூக்குவாள், அவன் "வந்தாச்சு, வந்தாச்சு" என்பான். அன்றைய நாளை அவள் அதை வைத்துத்தான் ஓட்டினாள். பதினான்கு மாதம் இப்படிப் போயிற்று. நூற்று நாற்பத்து மூன்று பதிவு.

நூற்று நாற்பத்து மூன்றாவது எழுதின வாரம் கட்டிலுக்கடியில் இருந்த கம்ப்யூட்டரில் இடம் நிரம்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா கண்ணயர்ந்திருந்தாள். அவன் எல்லா ரூமையும் காலி பண்ணினான். வேண்டாததை எல்லாம் ஒரே அடியாகக் கூட்டித் தள்ளும் கட்டளை ஒன்று உண்டு. பேரில்லாத லாக்கர்களும் போய்விடும், நிச்சயமா என்று அது கேட்டது. கிடங்கில் வாரம் ஒருமுறை இதே கேள்விக்கு ஆம் என்று சொல்லிப் பழகின விரல். ஆம் என்றது.

ரூம்களைப் புதிதாகப் போட்டுவிட்டு அக்காவின் பக்கத்தைத் திறந்தான். வெள்ளையாக ஒரு பக்கம் வந்தது. "நல்வரவு! உங்கள் வலைப்பதிவுக்கு ஒரு பெயர் கொடுங்கள்."

பிளக்கைப் பிடுங்கி மாட்டினான். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. மறுபடியும் நல்வரவு.

இன்னொரு காப்பி எங்கேயும் இல்லை. ஊருக்கெல்லாம் தலைபாடாக அடித்துக்கொண்டவன் சொந்த வீட்டில் எடுக்கவில்லை. அக்கா அடித்ததெல்லாம் நேராக அந்தப் பக்கத்திலேயே அடித்தது. மீதி இருந்தது ஒரே வழி. மாடிப்படியில் இறங்கி நின்று மருமகளுக்குப் போன் போட்டான்.

"மாமா! அம்மாவுக்கு ஏதாவது…?"

"இல்லம்மா, இருக்காங்க. ஒரு உதவி. அம்மா எழுதினதை உன் போன்ல ஏதாவது எடுத்து வச்சிருக்கியா? படம் புடிச்ச மாதிரி, எப்படியாவது?"

"எதை மாமா?"

"நான் அனுப்பினேனே, அந்த லிங்க்."

"அதை நான் திறக்கவே இல்லியே."

"தினமும் காலையில ஆறு மணிக்கு…"

"ஆறு மணிக்கு நான் தூங்கிட்டிருப்பேன் மாமா. எனக்கு ராத்திரி ஷிஃப்ட் முடியறதே நாலு மணிக்கு." அவளே மறுபடி கேட்டாள். "என்ன எழுதியிருந்தாங்க? அப்பாவைப் பத்தியா?"

"ஆமான்னு நினைக்கறேன்."

"நினைக்கறீங்களா? நீங்க படிக்கலியா?"

அவனுக்கு எத்தனை பதிவு என்று தெரியும், எவ்வளவு இடம் அடைத்தது என்று தெரியும், திறக்க எத்தனை நொடி ஆகும் என்று தெரியும். ஒரு வரி படித்ததில்லை. அவளுக்கு எழுதினது, நமக்கென்ன என்று இருந்துவிட்டான்.

"வேலைக்குக் கிளம்பணும், அப்புறம் பேசறேன் மாமா" என்று அவள் வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை கிடங்குக்குப் போனதும் முதல் காரியமாக அந்த எண்ணைத் தேடினான். தன் மேஜைக்குக் கீழே இருந்த கம்ப்யூட்டரின் எண்ணேதான். பதினான்கு மாதமாக அக்காவைப் படித்தது காவல்காரன். படித்தது கூட இல்லை. செத்துவிட்டாயா என்று தினம் எட்டிப் பார்த்தது.

அன்று சாயங்காலம் அக்காவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எல்லாம் போய்விட்டது என்று சொன்னான்.

அவள் கோபப்படுவாள், சிலேட்டைத் தூக்கி எறிவாள் என்று எதிர்பார்த்தான். அவள் நிதானமாக எழுதினாள்: "பேர் எழுதலியா?"

"எழுதலக்கா."

கைப்பிடியை இழுத்தாள். "ஆறு மணிக்காரிகிட்ட இல்லியா?"

இதைக் கேட்பாள் என்று தெரிந்தும் அவன் பதில் தயார் பண்ணிக்கொண்டு வரவில்லை. "கேட்டேன்க்கா. படிச்சதோட சரியாம். எடுத்து வைக்கல."

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். எதிர்வீட்டு மாடியில் யாரோ தண்ணீர்த் தொட்டி மூடியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். "படிச்சாள்ல? போதும்" என்று எழுதினாள்.

லாக்கருக்கு அன்றைக்கே பேர் வைத்தான். இங்கிலீஷ் எழுத்தில்தான் ஏற்றுக்கொள்ளும். 'akka' என்று வைத்தான். தினமும் இரண்டு இடத்தில் காப்பி எடுக்க ஏற்பாடு செய்தான். காவல்காரனை நிறுத்தினான். மறுநாள் காலை ஐந்து ஐம்பத்தைந்துக்கு எழுந்து, வீட்டு இணைப்பில் திறந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று மாடிப்படியில் நின்று போனில் அக்காவின் பக்கத்தைத் திறந்தான். பதிவேட்டில் ஒரு வரி விழுந்தது. காலை ஆறு மணி.

அக்கா புதிதாக எழுத ஆரம்பித்திருந்தாள். இப்போது நாலு வரி, ஐந்து வரிதான் முடிந்தது. முதல் பதிவைப் படித்துவிட்டு அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"கண்ணு, உன் மாமன் எல்லாத்தையும் அழித்துவிட்டான். பாவம், அவனைத் திட்டாதே. அப்பா விஷயத்தை எல்லாம் நீ முன்னமே படித்துவிட்டாய். அதை இன்னொரு தரம் எழுத எனக்குத் தெம்பு இல்லை. இனிமேல் சும்மா ஏதாவது பேசுகிறேன்."

அதன்படியே சும்மா ஏதாவது எழுதினாள். எதிர்வீட்டுத் தொட்டி. நர்ஸின் கைக்கடிகாரம் பத்து நிமிஷம் வேகமாக ஓடுவது. மகள் மூன்று வயதில் புரூஃப் தாளில் சிவப்புப் பென்சிலால் கிறுக்கினது. சொல்லவேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை. சொல்லியாயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்ன ஒரு பொய் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் படியில் நின்று முடிவெடுப்பான். மேலே வந்து அவள் புருவத்தைத் தூக்கினதும் "வந்தாச்சு" என்பான். டாக்டர் அவனைத் தனியே கூப்பிட்டு, மாதக்கணக்கு இல்லை, வாரக்கணக்குதான் என்று சொன்ன பிறகும் அப்படியேதான்.

இப்படி இருபது நாள் போயிற்று. இருபத்தோராம் நாள் அசதியில் தூங்கிப்போனான். படிக்கு ஓடி இறங்கும்போது ஏழு பத்து. திரும்பி மேலே வந்தபோது அக்கா சிலேட்டில் எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"உன் மருமக இன்னிக்கு லேட்டா எந்திரிச்சாளா?"

அக்கா அழித்துவிட்டு எழுதினாள்.

"தினம் ஆறு மணிக்குப் படியில செருப்புச் சத்தம் கேக்குது. போன வாரம் 'வரச் சொன்னேன்'ல ஒரு 'ச்' விட்டேன். வேணும்னேதான். ஒற்று விட்டா என்னை மாதிரியே அவளாலயும் தாங்க முடியாது. திட்டறதுக்காவது போன் பண்ணியிருப்பா. நீ பாத்தியா, இல்லியா?"

"பாத்தேன்க்கா. உனக்குக் கண்ணு மங்குதுன்னு நினைச்சுக்கிட்டேன். சொல்ல மனசு வரல."

"முன்னாடியும் நீதானா?"

"நான் கூட இல்லக்கா." காவல்காரனைப் பற்றிச் சொன்னான். ஒரு வரி பாக்கி இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னான். "அவ ஒண்ணு கூடப் படிக்கல. நானும் படிக்கல. யாருமே படிக்கலக்கா."

அக்காவின் வாய் அசைந்தது. குரல் இருந்த நாளில் அவனைத் திட்டும் வார்த்தை அது, உதட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டான். மூச்சு துவாரத்தின் வழியே உஸ் உஸ் என்று வந்தது. கொஞ்சம் அடங்கினதும் கீபோர்டை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "முதல் நாள்" என்று தலைப்பு அடித்தாள்.

நாளுக்கு ஒரு பதிவு என்று முடியவில்லை. இரண்டு நாளைக்கு ஒன்று, மூன்று நாளைக்கு ஒன்று. அவன் கிடங்குக்கு லீவு சொல்லிவிட்டு முதுகுக்குத் தலையணை கொடுத்துப் பிடித்துக்கொண்டான். இப்போது ஒவ்வொரு எழுத்தும் விழ விழப் படித்தான். ஐந்தாம் நாள் அத்தானுக்குக் கொஞ்சம் தெளிந்து கஞ்சி கேட்டது. ஏழாம் நாள் மகளின் பரீட்சை அட்டவணையைக் கேட்டு வாங்கி மார்பின் மேல் வைத்துக்கொண்டது. எட்டாம் நாள் கடைசி வரி: "சாயங்காலம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். என்ன சொன்னார் என்பதை நாளைக்கு எழுதுகிறேன்."

நாளைக்கு அவளால் உட்கார முடியவில்லை. அதற்கு மறுநாள் ஊசி போட்டுத் தூங்க வைத்தார்கள். நடுவில் ஒருமுறை கண்ணைத் திறந்தபோது அவன் சிலேட்டைக் கையில் கொடுத்து, "அத்தான் என்னக்கா சொன்னாரு?" என்று காதருகில் குனிந்து கேட்டான். "அவர்தான்" என்று எழுதினாள். அடுத்த எழுத்துக்குப் போன கை வழுக்கிக் கைப்பிடியில் விழுந்தது. அதுவும் அழிந்தது.

மருமகள் வந்தாள். எல்லாம் முடிந்த பிறகு ஜன்னல் பக்க நாற்காலியில் உட்கார்ந்து எட்டு நாளையும் படித்தாள். எட்டாவதை முடித்துவிட்டுக் கீழே தள்ளிப் பார்த்தாள். மறுபடியும் தள்ளினாள்.

"மாமா, இதுக்கு அப்புறம்?"

"'அவர்தான்'னு எழுதினாங்கம்மா. அதுக்கு மேல முடியல."

"அவர்தான்னா? அப்பாதான் சொல்ல வேண்டாம்னாரா? இல்ல, அப்பாதான் என்னை வரச் சொன்னாரா?"

அவனுக்குத் தெரியவில்லை. முன்னால் எழுதின நூற்று நாற்பத்து மூன்றில் எங்கேயோ அது இருந்தது. அதை அழித்தவன் எதிரே நின்றுகொண்டிருந்தான். அவள் அவனைத் திட்டவில்லை. சிலேட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள்.

அவன் பழையபடி கிடங்குக்குப் போகிறான். யாராவது ஃபைலை அழித்துவிட்டு வந்தால் ஒன்றும் சொல்வதில்லை, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தேடிப் பார்க்கிறான். கட்டிலுக்குக் கீழே கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. காலையில் பதிவேட்டைத் திறந்து பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. தினம் ஒரு வரி விழுகிறது. ஆறு மணிக்கு இல்லை, நாலரைக்கு. இந்த முறை எண்ணைத் தேடிப் பார்த்தான். மருமகளின் ஊர்.

எட்டாம் நாள் பதிவின் முகவரி எட்டு என்ற எண்ணோடு முடிகிறது. அவள் அந்த எட்டைக் கையால் ஒன்பதாக மாற்றித் திறந்து பார்க்கிறாள். அப்படி ஒரு பக்கம் இல்லை என்று கம்ப்யூட்டர் பதில் சொல்கிறது. கேட்டதும் சொன்னதும் பதிவேட்டில் ஒரே வரியாக விழுகின்றன. அவன் அதை அழிப்பதில்லை.